முகத்தில் தாடி, கையில் வழுக்கை

சவரக்கத்தி தீட்ட நல்ல சாணைக்கல் வாங்கும் காசுக்கு எத்தனை வருடம் பிளேடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்லே எதற்கு, வீட்டில் இருப்பதை வைத்துத் தீட்டிக்கொள்ளலாமே என்று தோன்றிவிட்டது.

கத்தி பழைய மடக்குச் சவரக்கத்தி. சும்மா கிடைத்தது. ஏன் சும்மா கிடைத்தது என்பது கன்னத்தில் வைத்த முதல் இழுப்பிலேயே புரிந்தது. ஸ்கேலால் சிரைத்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

சவரக்கத்தியில் ஒரு சௌகரியம், கோணம் பிடிக்கக் கை பழகியிருக்க வேண்டியதில்லை. முதுகும் கூர் விளிம்பும் ஒன்றாகப் படும்படி படுக்கவைத்தால் போதும், முதுகின் தடிமனே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அடியில் இருப்பது துளி மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது எங்கள் கல்யாண போட்டோவின் கண்ணாடி மட்டும்தான். கழற்றினேன். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாளை, நனைத்து அதன்மேல் ஒட்டவைத்தேன்.

கூர் விளிம்பு நெடுக மார்க்கரால் கறுப்படித்துவிட்டுத் தேய்க்க வேண்டும். எங்கே மை போகவில்லையோ, அங்கே இன்னும் தீட்டப்படவில்லை என்று அர்த்தம். மகளின் மார்க்கர். நாற்பது முறை தேய்த்த பிறகும் கத்தியின் நுனிப் பக்கம் மை அப்படியே இருந்தது. பரவாயில்லை, நல்ல மார்க்கர் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்த தப்பு அதுதான். அடிப்படைக் கூர் முழு நீளத்துக்கும் வராமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. நானோ இந்த முயற்சியில் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருளான லேப்பிங் ஃபிலிமுக்குத் தாவினேன். நுண்ணிய தேய்ப்புத் துகள் பூசிய பிளாஸ்டிக் தாள் அது. துகளின் அளவு முதலில் 3 மைக்ரான், அடுத்து 1 மைக்ரான், கடைசியில் 0.3 மைக்ரான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை நுணுக்கமாக மெருகேறிய ஒரு மொக்கைக் கத்தி கையில் இருந்தது. மூஞ்சி பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

அப்புறம் தோலில் தீட்டும் கட்டம். பழைய பெல்ட்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும், கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். மூன்றும் தெரியும். பத்தாவது இழுப்பில் பெல்ட்டைத் தொய்ய விட்டேன், இருந்த கொஞ்சக் கூரும் மழுங்கியது. பன்னிரண்டாவதில் கூர் விளிம்புப் பக்கமாகப் புரட்டினேன். பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை. இடுப்பு அளவு அதுவரை சிறுக்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முழங்கை முடியில் சோதனை. கத்தியின் அடிப் பக்கம் மட்டும் வெட்டியது. இடது கை தீர்ந்து வலது கைக்கு மாறியபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, முகத்துல இருக்கறது அப்படியே இருக்கு, கை மட்டும் மழமழன்னு இருக்கு?"

அப்போது அவள் போட்டோவை இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நுனி வரை மை போகும்வரை 1000 நம்பரை விட்டு நகரவில்லை. அதற்கே ஒரு மணி நேரம். மற்ற எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்தான். பெல்ட்டின் நிலைமை காரணமாக, நாளிதழ் தாளை நீளமாக மடித்துக் கண்ணாடிமேல் வைத்து அதில் தீட்டினேன். நிஜமாகவே வேலை செய்கிறது. நாற்பத்தொன்பது இழுப்பு அருமை. ஐம்பதாவதில் சந்தோஷத்தில் தப்பான பக்கம் புரட்டிவிட்டேன். சத்தமே இல்லாமல் பேப்பர் இரண்டாகப் பிளந்தது.

கூர் வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பேப்பரை அறுத்தால் சவரக் கூர் போய்விடும். சாட்சி சொன்ன கையோடு கூரும் காலி.

சரி, மறுபடியும் 1 மைக்ரானிலிருந்து தொடங்கலாம் என்று ஃபிலிமை நனைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா பேப்பரை விரித்தார். பிளவு வழியாக அவர் கண் ஒன்று என்னைப் பார்த்தது.

"மீதிச் செய்தி எங்கடா?"