பல் பிடுங்க ஒரு கோர்ட் உத்தரவு

"இது நியூஜெர்சி கோர்ட் பேப்பர், இங்கே செல்லுபடியாகாதே" என்றாள் பல் டாக்டரின் ரிசப்ஷனில் இருந்த பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் பெரிய பையன் தாடையைப் பிடித்தபடி மீன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். 19 வயது, ஆட்டிசம். மயக்க மருந்து கொடுத்தால்தான் அவனுக்குப் பல் எடுக்க முடியும். அதற்குச் சம்மதம் சொல்ல, பெற்றவள் என்பது மட்டும் போதாதாம், அவனுக்குக் காப்பாளர் என்று கோர்ட் உத்தரவும் வேண்டுமாம்.

கும்பகோணத்துக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "ஏண்டி, அவனுக்கு நீதான் அம்மான்னு ஜட்ஜ் வந்து சொல்லணுமா?" என்றாள் அம்மா. ஊரில் பல்வலி என்றால் முதலில் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் மாமாவோ சித்தப்பாவோ, அன்றைக்கு யார் கையில் பையன் இருக்கிறானோ அவர் கையெழுத்து.

இங்கே 18 முடிந்தால் பிள்ளை தனி ஆள். நியூஜெர்சியின் எடிசனில் இருந்தபோதே அந்தக் கூத்தைப் பார்த்தாயிற்று. என்னைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி, இந்த மாதிரி மனுக்களை வாங்கும் கவுண்டி சரோகேட் அலுவலகத்தில் மனு, இரண்டு டாக்டர்களின் சான்றிதழ், அவனுக்கென்று கோர்ட்டே நியமித்த வக்கீல். அந்த வக்கீல் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். இவன் அவரிடம் ரயில் நிலையங்களை ஒப்பித்தான்: மெட்ரோபார்க், மெட்டச்சன், எடிசன், நியூ பிரன்ஸ்விக். ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்புறம் வந்த உத்தரவில், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் திறனற்றவர் என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரியாததா? இருந்தாலும் முத்திரையோடு படித்தபோது அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கணவரின் வேலைக்காக வட கரோலினாவின் கேரிக்கு வந்தோம். அதையெல்லாம் இங்கே முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்வார்களோ என்பதுதான் என் பயம். வேண்டாம் என்றார் இங்குள்ள வக்கீல். ஒரே ஆளுக்காக இரண்டு மாநிலக் கோர்ட்டுகள் இழுபறி செய்யக்கூடாது என்று 2007-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்களாம். பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுவிட்டன, எங்கள் இரண்டும் அதில் அடக்கம். மனு போடுவதற்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த மாநிலம்தான் சொந்த மாநிலம், விசாரிக்க அதற்குத்தான் முதல் உரிமை. ஆனால் ஏற்கெனவே காப்பாளரை நியமித்த கோர்ட், தானாக விடும்வரை பிடியை விடாது. முதலில் நியூஜெர்சி 'அனுப்பலாம்' என்று தற்காலிக உத்தரவு தர வேண்டும், இங்கே 'ஏற்கலாம்' என்று இன்னொன்று, பிறகு இரண்டு பக்கமும் இறுதி உத்தரவு. சம்பந்தி வீட்டார் தட்டு மாற்றிக்கொள்வது போல. இங்கே அதைப் பார்ப்பது நீதிபதிகூட இல்லை, சுப்பீரியர் கோர்ட் கிளார்க் என்ற கோர்ட் அதிகாரி. அவனுடைய திறனைப் பற்றி அங்கே தீர்மானித்ததை இவர்கள் அப்படியே ஏற்க வேண்டும். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பல்லுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், பழைய உத்தரவை இங்கே பதிவு செய்தாலே போதும் என்றார்.

பதிவு முடிந்தது, பல்லும் போயிற்று. சரி, கேரியில் செட்டில் ஆகிவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கோவில் பக்கம், காற்றில் பைன் மர வாசம், கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது.

ஒருவருக்கு எந்த மாநிலத்தோடு நெருக்கம் என்று பார்க்கச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு: ஓட்டு, வரி, வண்டிப் பதிவு, லைசென்ஸ், சொந்தபந்தம். இவனுக்கு லைசென்ஸும் இல்லை, ஓட்டும் இல்லை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு காய்கறிக் கடைக்காரர் இவனைக் கண்டதும் ஒரு வாழைப்பழத்தை நீட்டுவாரே, அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கும்பகோணத்துத் திண்ணையில் பாட்டி மடியில் தலைவைத்து ரயில் சத்தத்துக்குக் காத்திருப்பானே, அது எந்த மாநிலக் கணக்கு?

வெளிநாட்டையும் ஒரு மாநிலம் போலக் கோர்ட் கருதலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவைத்தேன். "அப்ப இங்கேயே கூட்டிட்டு வந்துடேன்" என்றாள். அங்கேயும் பேப்பர் உண்டும்மா, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் ஒரு குழுதான் காப்பாளரை நியமிக்கும் என்றேன்.

"தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ்தானே? உங்க சின்ன மாமாவுக்கு அங்க ஆள் தெரியும்."