வளவுக் கிணறு

சேர் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது ஸ்காபரோவில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நினைவு மலருக்கு அவர் பிரம்பையும் சைக்கிளையும் பற்றி எல்லாரும் எழுதுவீர்கள். நான் 1979ல் ஏ.எல். (உயர்தர) வகுப்பு அரசியல் பாடத்தில் என் மானம் போன கதையை எழுதுகிறேன்.

அன்று ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். உயிர், சுதந்திரம், உடைமை. பூமி எல்லாருக்கும் பொது, உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தம், ஆனால் மற்றவர்களுக்கும் அதேபோல் நல்லது போதிய அளவு மிஞ்ச வேண்டும். மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன்.

"அப்ப அட்டன் தேயிலை மலை ஆருடையது?"

"அரசாங்கத்தின்ர, சேர். தோட்டக்காட்டார் இந்தியாவில இருந்து வந்தவங்கள்தானே."

வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கில் இருந்த விடுதிப் பெடியன் சிரிக்கவில்லை. அவன் தாய் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். 1948ல் குடியுரிமை இல்லாமல் போய், 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்த சனத்தில் ஒருவர்.

சேர் ஏசவில்லை. "உங்கட வளவுக் கிணறு ஆர் தம்பி வெட்டினது?" என்றார்.

ஆர் என்று தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் குடத்தோடு எங்கள் படலையில் நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருப்பதும் தெரியும்.

"அவை அதில அள்ளலாமோ?"

சாதி பார்த்துத் தண்ணீர் மறுக்கக் கூடாது என்ற 1957ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கிணற்றுக்குத்தான், வளவுக் கிணற்றுக்கு இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, மணி அடித்தது.

அடிமை வியாபாரக் கம்பனியில் லொக்கே பங்கு வைத்திருந்ததைப் பிறகு ரொறன்ரோ நூலகத்தில்தான் வாசித்தேன். சேருக்குத் தெரிந்திருந்தால் அவரையும் வாங்கில் ஏற்றியிருப்பார்.

அந்தப் பெடியனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இரவுப் படிப்பில் என் அரிக்கன் லாம்பைத்தான் பங்குபோட்டுப் படித்தான், வகுப்பில் நடந்தது பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. 84ல் வெளிக்கிட்ட எனக்குச் சில வருடத்தில் கனடாப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவன் ஆட்களில் மிச்சமிருந்தவர்களுக்கு 2003வரை இழுபட்டது.

வளவு உறுதி இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது. கிணற்றை இறைத்து, வாழை வைத்து, வேலி அடைத்துப் பார்ப்பது வெட்டியவரின் பேரன். போன மாதம் மச்சான் போன் எடுத்தான்: காணி பரப்பு நல்ல விலை போகுதாம், விக்கட்டோ?

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அதற்குள் சேரின் செய்தி வந்துவிட்டது. மச்சான் இரண்டு தரம் எடுத்துவிட்டான்.