கல் டைல்ஸில் எல் வெட்டு, வட்ட வெட்டு: செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

தரைக்கல் பதிக்கும் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் நேர் வெட்டுக்கு யாரும் திணறுவதில்லை. கல்லை உடைக்க வைப்பவை மூன்று: சுவர் முனையைச் சுற்றி வரும் எல் வெட்டு, பைப்புக்கான துளை, கதவு நிலையின் அடிப்பகுதி. நான் செய்த தேர்வில் மூன்றுமே வந்தன.

முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள். சிக்கலான வெட்டை முழுக்கல்லில் போட்டுவிட்டு, அளவுக்கு நறுக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கூடத்தில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத்தான் செய்தார்கள். சுலபமான வேலையை முடித்துவிடலாமே என்று கல்லை ஒல்லியாக்கிவிட்டு, அதில் துளை போட்டால் ஓரத்தில் மிஞ்சும் பட்டை அதிர்வைத் தாங்காது. மார்பிளில் ரேகை ஓடும் இடமென்றால் இன்னும் மோசம். செராமிக்கைப் போலக் கீறி ஒடித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம்; இயற்கைக் கல் நம் கோட்டைப் பார்த்து உடையாது.

எல் வெட்டில் விரிசல் கிளம்புவது உள்மூலையிலிருந்துதான். கூரான மூலையில் அழுத்தம் குவியும். அதனால் மூலையில், கழிவுப் பக்கமாக (வெட்டி எறியப்போகும் பகுதியில்), 6 அல்லது 8 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டு, இரண்டு கோடுகளையும் அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு கணக்கு உண்டு. பிளேடு வட்டம். 100 மி.மீ. பிளேடு, 20 மி.மீ. கனமுள்ள கல்லின் அடியைத் தொடும்போது, மேல்முகத்தில் 40 மி.மீ. முன்னே போயிருக்கும். அடிவரை அறுக்க வேண்டும் என்று மேலிருந்தே தள்ளினால் மூலையைத் தாண்டிய கீறல் தரையில் என்றைக்கும் தெரியும். எனவே முகப்பில் மூலை வரை மட்டும் மேலோட்டமாகக் கோடு இழுத்து, கல்லைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஆழமாக அறுத்து முடியுங்கள். அங்கே சற்றுத் தாண்டினாலும் பசைக்கடியில் மறைந்துவிடும். திருப்பியதும் இடம் வலம் மாறும்; பின்பக்கத்துக்குத் தனியாக அளந்து குறியுங்கள். பிளேடு தின்னும் அகலம் எப்போதும் கழிவுப் பக்கத்தில் போகட்டும்.

பைப் துளைக்கு டைமண்ட் கோர் பிட் (வட்டமாக அறுக்கும் குழாய் வடிவ பிட்) கொடுத்திருந்தால் டிரில்லில் ஹேமரை (தட்டித் துளைக்கும் இயக்கத்தை) அணைத்துவிட்டு, பிட்டைச் சாய்த்துத் தொடங்குங்கள். பிறைபோல ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்தால் வழுக்கி ஓடும். பிட் இல்லையென்றால், பைப்பின் மையம் வழியாகக் கல்லை இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் அரைவட்டம் எடுங்கள். கோடு வரை நெருக்கமாகப் பல கீறல்கள் போட்டு, இடையில் பல்போல நிற்கும் துண்டுகளை இடுக்கியால் பிடுங்கி, மீதியை பிளேடின் ஓரத்தால் லேசாகத் தேய்க்கலாம். வளைவுக்காக ஓடும் பிளேடை முறுக்கவே கூடாது.

மர நிலையென்றால் கல்லை விட்டுவிட்டு நிலையின் அடியை ரம்பத்தால் அறுத்துக் கல்லை உள்ளே நுழைப்பதுதான் என் வழி. அறுக்க அனுமதி இல்லாவிட்டால் அட்டையில் அச்சு வெட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் வரையுங்கள். மார்பிளில் மார்க்கர் மை இறங்கிவிட்டால் எடுப்பது கடினம்.

தூசியை லேசாக நினைக்காதீர்கள். கிரானைட்டிலும் மணற்கல்லிலும் குவார்ட்ஸ் அதிகம். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் குணமாகாது. நீர் விட்டு அறுக்கும் மெஷின், சரியாகப் பொருந்தும் முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். சாதாரண மின் கிரைண்டரில் நீரை ஊற்றாதீர்கள்; அது அதற்கென்று செய்யப்பட்டதல்ல.

முடிந்ததும் வெட்டு விளிம்பை டைமண்ட் பேடால் லேசாகத் தேய்த்து, பசை போடாமல் வைத்துப் பாருங்கள். ஜாயின்ட் இடைவெளி சீராக இருக்கிறதா, சுவரோரம் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) மறைக்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே தேர்வாளரைக் கூப்பிடுங்கள்.