முதல் பேஸில் யாருமில்லை

2024 அக்டோபர் 20, ஞாயிறு

கிளீவ்லாந்தில் நேற்று இரவு பேஸ்பால் ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸ். இரண்டு அவுட், இன்னும் ஒன்று ஆனால் இன்னிங்ஸில் நம் முறை முடியும். பேஸில் (ஓடிப்போய் நிற்கும் இடம்; மூன்றையும் தாண்டித் திரும்பி வந்தால் ரன்) இரண்டு பேர். நம் ஹுவான் சோட்டோ வந்த பந்தையெல்லாம் ஃபவுலாக, கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றைத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டார், ஹோம் ரன். 5-2. நியூயார்க் யாங்கீஸ் 2009க்குப் பிறகு முதல் முறையாக இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போகிறது. எதிரணி டாட்ஜர்ஸா மெட்ஸா என்பது இன்றிரவே தெரிந்துவிடலாம்.

2009இல் நான் நியூ ஜெர்சிக்குப் புதிது. அலுவலகத்தில் எல்லோரும் யாங்கீஸின் ஹிடெகி மட்சுயியைப் பற்றியே பேசினார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஆறாவது ஆட்டத்தில் அவர் ஒருவரே ஆறு ரன் கொண்டுவந்தார். அன்று பிடித்துக்கொண்டது இந்த ஆட்டம். அதன் பிறகு கோப்பையே இல்லை. என் மகள் பிறந்து, சாஃப்ட்பால் ஆடும் வயதுக்கும் வந்துவிட்டாள். யாங்கீஸ் கோப்பை வாங்கி அவள் பார்த்ததில்லை.

சந்தோஷத்தோடு ஒரு பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த அணி ஹோம் ரன் அடிக்கும். ஆரன் ஜட்ஜ் மட்டும் இந்த சீசனில் 58. ஆனால் பேஸ் ஓடுவது, சரியான இடத்துக்குப் பந்தை எறிவது, எறிந்த பந்துக்குப் பின்னால் ஓடிப்போய் நிற்பது, இதிலெல்லாம் சீசன் முழுக்க ஒரு மெத்தனம். ஆகஸ்ட்டில் டொரண்டோவுக்கு எதிராக கிளைபர் டோரஸ் பந்தை அடித்துவிட்டு, ஹோம் ரன் என்று நினைத்து நின்று பார்த்தார். அது சுவரில் பட்டுத் திரும்பியது. இரண்டு பேஸ் ஓடியிருக்க வேண்டியவர் ஒன்றோடு நின்றார். மேனேஜர் ஆரன் பூன் அந்த ஆட்டத்திலேயே அவரை எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். அது சரியான முடிவு. ஆனால் அந்தக் கண்டிப்பு அதோடு நின்றுபோனது.

அக்டோபர் 26, சனி, விடிகாலை

தூக்கம் வரவில்லை. முதல் ஆட்டம் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டது, 6-3.

பத்தாவது இன்னிங்ஸில் 3-2 என்று நாம் முன்னால். ஜாஸ் சிஷோம் இரண்டு பேஸ் திருடி (யாரும் பந்தை அடிக்கும் முன்பே ஓடிப் பிடித்து) வாங்கிக்கொடுத்த ரன் அது. டாட்ஜர்ஸ் பக்கம் ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர், அடுத்து ஷோஹெய் ஒஹ்டானி. இடது கை பேட்டர் என்பதால் பந்து வீச இடது கை பிட்சர் வேண்டும், சரி. டிம் ஹில் தயாராக இருந்தார். இந்த அக்டோபர் முழுக்க நன்றாக வீசியவர். பூன் கூப்பிட்டது நெஸ்டர் கோர்டெஸை. முழங்கையில் அடிபட்டு செப்டம்பர் 18க்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் வீசாதவர்!

முதல் பந்திலேயே ஒஹ்டானி அவுட். நம் அலெக்ஸ் வெர்டுகோ ஓடிப்போய்ப் பிடித்து, தடுப்பைத் தாண்டி ரசிகர்கள் மேல் விழுந்தார். அருமையான கேட்ச். ஆனால் ஃபீல்டர் பந்தோடு மைதானத்துக்கு வெளியே போனால் ஓடுபவர்களுக்கு ஒரு பேஸ் இலவசம். முதல் பேஸ் காலியாகிவிட்டதால் மூக்கி பெட்ஸை வேண்டுமென்றே அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, மூன்று பேஸும் நிறைய, ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு வீசச் சொன்னார்கள். கணுக்கால் சுளுக்கோடு ஆடிக்கொண்டிருக்கும் மனிதர். கோர்டெஸின் அடுத்த பந்து வலது பக்க மேடைக்குள் போய் விழுந்தது. மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்தான் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் இது. நம் மேல்தான் விழ வேண்டுமா?

எல்லோரும் நாளை கோர்டெஸைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு எட்டாவது இன்னிங்ஸ்தான் உறுத்துகிறது. ஒஹ்டானி சுவரில் அடித்துவிட்டு இரண்டாவது பேஸில் நிற்கிறார். சோட்டோ எறிந்த பந்தை டோரஸ் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஒஹ்டானி மூன்றாவதுக்குப் போய்விட்டார். அடுத்த பெட்ஸ் உயரமாக அடித்த பந்தில் கேட்ச் ஆனாலும் ஒஹ்டானி ஓடி வந்து ரன் எடுத்தார். 2-2. அந்தப் பந்து டோரஸின் கையுறையில் நின்றிருந்தால் பத்தாவது இன்னிங்ஸே வந்திருக்காது.

அக்டோபர் 27, ஞாயிறு

இரண்டாவது ஆட்டமும் போனது, 2-4. டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோவுக்கு எதிராக நாம் எடுத்தது ஒரே ஹிட் (அடித்துப் பேஸ் சேர்வது), சோட்டோவின் ஹோம் ரன். ஜட்ஜ் இரண்டு ஆட்டத்தில் ஒன்பது முயற்சிக்கு ஒரே ஹிட், ஆறு முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். வெளியே நழுவிப்போகும் பந்தைத் துரத்தித் துரத்தி மட்டையை வீசுகிறார். கேப்டன் என்பதால் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

நேற்று நம் மைதானம், நம் கூட்டம். மறுபடி 2-4. தொடர் 0-3.

நான்காவது இன்னிங்ஸில் ஆண்டனி வோல்பே இடது பக்கம் ஒரு ஹிட் அடித்தார். இரண்டாவது பேஸிலிருந்து ஜியான்கார்லோ ஸ்டான்டன் ரன் எடுக்க ஓடினார். அவரால் வேகமாக ஓட முடியாது என்பது மைதானம் இருக்கும் பிராங்க்ஸில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். மூன்றாவது பேஸ் பக்கத்தில் நிற்கும் நம் கோச் ஓடு என்று கை சுழற்றினார். டெயோஸ்கர் ஹெர்னாண்டஸின் எறி நேராக, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரிடம் வந்தது, அவுட். இது ஓடியவரின் தப்பில்லை. யாரை ஓட விடுவது, யாரை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 30, புதன், காலை

11-4! வோல்பேயின் கிராண்ட் ஸ்லாம்! சின்ன வயதில் 2009 வெற்றி ஊர்வலத்தைத் தெருவில் நின்று பார்த்த பையன். மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள், நானும் தடுக்கவில்லை. இன்றிரவு கெரிட் கோல் வீசுகிறார். 0-3இலிருந்து ஒரு வேர்ல்ட் சீரிஸை எந்த அணியும் ஜெயித்ததில்லை. இருக்கட்டும். கோல் இருக்கிறார்.

அக்டோபர் 31, வியாழன்

முடிந்துவிட்டது. 6-7.

நான்கு இன்னிங்ஸ் முடிந்தபோது 5-0. ஜட்ஜ் ஹோம் ரன், உடனே சிஷோம் ஹோம் ரன், அப்புறம் ஸ்டான்டன். கோலை எதிர்த்து டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹிட்கூட இல்லை. ஃப்ரீமன் அடித்த பந்தை ஜட்ஜ் சுவரில் மோதிப் பிடித்தபோது தொடர் திரும்பிவிட்டது என்றே நம்பினேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ். கீக்கே ஹெர்னாண்டஸ் ஒரு ஹிட். அடுத்து டாமி எட்மன் நேராக ஜட்ஜிடம் அடித்தார். பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்து, கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்து வோல்பேயிடம் தரைப்பந்து. அவர் மூன்றாவது பேஸுக்கு எறிந்தது சிஷோமுக்கு முன்னால் மண்ணில் குத்தியது. மூன்று பேஸும் நிறைந்தது, ஒரு அவுட்டும் இல்லை.

இதற்குப் பிறகு கோல் செய்ததை யாரும் மறக்கக் கூடாது. கேவின் லக்ஸ் ஸ்ட்ரைக் அவுட். ஒஹ்டானி ஸ்ட்ரைக் அவுட். மற்றவர்கள் செய்த இரண்டு பிழைகளையும் தனி ஆளாகத் துடைத்துவிட்டார். இன்னும் ஒரு அவுட்.

பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் மெதுவாக ஒரு தரைப்பந்து தட்டினார். ஆண்டனி ரிஸ்ஸோ பந்தை எடுத்தார். இப்படிப்பட்ட பந்தில் பிட்சர் ஓடிப்போய் முதல் பேஸில் நிற்க வேண்டும், ரிஸ்ஸோ அவரிடம் போட வேண்டும். கோல் ஓடவில்லை. ரிஸ்ஸோவைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு நின்றார். ரிஸ்ஸோ கையில் பந்து, முதல் பேஸில் யாருமில்லை, பெட்ஸ் உயிரைக் கொடுத்து ஓடி வந்து சேர்ந்துவிட்டார், டாட்ஜர்ஸுக்கு ஒரு ரன். கிரிக்கெட்டில் ரன் அவுட் வாய்ப்பில் பந்தை எறிந்து, ஸ்டம்ப் பக்கத்தில் ஆளே இல்லாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த அவுட் கிடைத்திருந்தால் ஒரு ரன்கூட இல்லாமல் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். அடுத்து ஃப்ரீமன் இரண்டு ரன், டெயோஸ்கர் ஹெர்னாண்டஸ் இரண்டு ரன். 5-5.

"அம்மா, முதல் பேஸுக்கு பிட்சர் ஏன் போகலை? எங்க கோச் அதைத்தானே முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க" என்று மகள் கேட்டாள். பிட்சர்கள் பிப்ரவரியில் டாம்பா முகாமுக்கு வந்ததும் செய்ய ஆரம்பிக்கிற பயிற்சி இது: முதல் பேஸ் பக்கம் தரைப்பந்து என்றால் யோசிக்காமல் முதல் பேஸுக்கு ஓடு. பந்தை நோக்கித் தான் ஓடிய கோணம் தவறு, அது எவ்வளவு வேகமாக அடிக்கப்பட்டது என்று புரியவில்லை என்று கோல் ஆட்டத்துக்குப் பிறகு ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கோணம் தவறினாலும் கால் தானாகப் போக வேண்டும், அதற்குத்தானே பயிற்சி.

எட்டாவதில் 6-5 என்று மறுபடி நாம் முன்னால். பிட்சர் லூக் வீவரை ஆரம்பத்திலேயே கொண்டுவராமல் டாமி கான்லியை வீச அனுப்பினார் பூன். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் பேஸில். அதன் பிறகுதான் வீவர். உயரப் பந்து இரண்டில் இரண்டு ரன். நடுவில் ஒஹ்டானியின் மட்டை கேட்சர் ஆஸ்டின் வெல்ஸின் கையுறையில் பட்டு, அதற்கும் ஒரு பேஸ் இலவசம். கோப்பை கைமாறும் ஆட்டத்தில் ஐந்து ரன் பின்னால் இருந்து எந்த அணியும் இதற்கு முன் ஜெயித்ததில்லை.

மேனேஜரைத் திட்டுகிறவர்கள் கோர்டெஸ், கான்லி என்று பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். அவை ஓர் இரவின் முடிவுகள், எந்த மேனேஜருக்கும் தப்பும். என் கோபம் வேறு. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தினமும் அவர்களோடு இருக்கிறவர் பூன். தன் ஆட்டக்காரர்களை வெளியில் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டார். நல்ல குணம், அதனால்தான் அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். 2003இல் யாங்கீஸ் ஆட்டக்காரராக பாஸ்டனைப் பதினோராவது இன்னிங்ஸில் ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பிய மனிதரை எனக்கும் வெறுக்க வராது. ஆனால் உள்ளே யாராவது கறாராகச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதே மாதிரித் தப்பு முதல் ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் வருமா?

நவம்பர் 10, ஞாயிறு

2025க்கும் பூன்தான். ஒப்பந்தத்தில் கிளப்புக்கு இருந்த கூடுதல் ஆண்டை எடுத்துக்கொண்டார்கள். வேர்ல்ட் சீரிஸ் வரை கூட்டிக்கொண்டு போனவரை அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். அவர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எது மாறப்போகிறது என்று யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

டிசம்பர் 9, திங்கள்

சோட்டோ மெட்ஸுக்குப் போய்விட்டார். 15 வருடம், 76.5 கோடி டாலர். மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டுப் போகிறார். இந்த வருடம் நம்மை வேர்ல்ட் சீரிஸுக்குக் கொண்டுபோனதே அவர் மட்டைதான். அவர் இடத்துக்குப் பெரிய பணம் கொடுத்து இன்னும் இரண்டு மூன்று பேரை வாங்குவார்கள். வாங்கட்டும். டாம்பாவில் முகாம் தொடங்கும்போது முதல் நாள் காலையிலேயே கோலும் மற்ற பிட்சர்களும் முதல் பேஸுக்கு ஓடட்டும், ஜட்ஜ் பக்கத்தில் நின்று எண்ணட்டும், ஓடாதவரைத் திரும்ப ஓட விடட்டும். கேப்டன் சொன்னால் கேட்பார்கள். பூனும் அங்கே நின்று சொல்ல வேண்டும், எல்லோர் காதிலும் விழும்படி.