ஓடிய பெட்டியைக் காட்டு, தம்பி

என் மாமனார் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் பெட்டிகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். பெட்டி என்றால் ரயில் பெட்டி. ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தாலும் வெளியே விட மாட்டாராம். அவர் ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கண்தான் இன்னும் பெறவில்லை. அத்தை அரைக்கும் மாவு, நான் சுவரில் அடிக்கும் ஆணி, தெருவில் போடும் தார் எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. பெண் பார்க்கப் போன அன்று என்னையும் அப்படித்தான் ஏற இறங்கப் பார்த்தார். எந்த அடிப்படையில் தேறினேன் என்பது இன்றுவரை ரகசியம்.

அவருடைய போனுக்கு ஆறு வயது. கட்டிலிலிருந்தும் மேசையிலிருந்தும் விழுந்து விழுந்து முதுகெல்லாம் கீறல். நாற்பது சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே கண்ணை மூடிவிடும். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வில்லிவாக்கம் வீட்டில், இட்லிக்கும் காபிக்கும் நடுவே, "இதைக் கண்டம் செய்தாயிற்று" என்று அறிவித்தார். கண்டம் என்றால் இனி ஓட லாயக்கில்லை என்று ஒதுக்குவது. ரயில்வேக்காரர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அவ்வளவுதான், வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மைத்துனனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை. கையில் ஐபோன், மணிக்கட்டில் அதே நிறுவனத்தின் கடிகாரம். நான் ஆரம்ப காலம் முதல் ஆண்ட்ராய்டு. நல்ல நாளிலேயே எங்கள் இருவருக்கும் இந்த விஷயத்தில் ஆகாது. இப்போது ஓர் ஓட்டு காலியாக இருக்கிறது என்றதும் இருவருமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோம்.

மாமா எங்களைக் கண்டுகொள்ளாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார்.

"எந்தப் போன் என்பது அப்புறம், மாப்பிள்ளை. போன் எதற்கு என்பதை முதலில் எழுதுவோம்."

எழுதினார். பேசுவதற்கு. பேரன் முகத்தைப் பார்ப்பதற்கு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதற்கு. மீட்டரைப் படம் எடுப்பதற்கு. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

மீட்டர் கதையைச் சொல்லியாக வேண்டும். மாடிப்படிக்கு அடியில், இருட்டில், ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது அந்த வீட்டு மின்மீட்டர். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணால் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கணக்கெடுப்பவர் வந்து போன கையோடு, போனை உயர்த்திப் பிடித்து ஒரு படம் எடுப்பார். பெரிதாக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார். அவர் எழுதியதும் கணக்கெடுப்பவர் மின்கட்டண அட்டையில் எழுதியதும் ஒத்துப் போனதாகச் சரித்திரம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடுகிறது என்பதால், எங்கள் வீட்டில் இது காவிரிப் பிரச்சினைக்குச் சமம்.

"நீ ஆரம்பி" என்றார் மகனைப் பார்த்து.

"அப்பா, 2007 ஜனவரி 9-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்டினாரே, அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இதெல்லாம். முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்ததே 2008 அக்டோபரில்தான்."

"ஐ.சி.எஃப். ஆரம்பித்தது 1955 அக்டோபர் 2. அதற்காக 1955 பெட்டியில் யாராவது ஏறுவார்களா? விஷயத்துக்கு வா."

இடைவெளி கிடைத்ததும் நான் புகுந்தேன். ஐந்து வருடமாக அலுவலகச் சாப்பாட்டு மேசையில் பேசிப் பேசி மெருகேறிய வாதம் அது. "மாமா, அங்கே பெயருக்குத்தான் காசு. பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்களைக் கோக்கிறார்கள். 2024-இல் ஐபோன் 16 வந்தபோது அமெரிக்காக்காரனுக்கு 799 டாலர், நமக்கு 79,900 ரூபாய். பகல் கொள்ளை."

"அப்போது டாலர் எவ்வளவு?"

"சுமார் 84 ரூபாய்."

"அந்த 799, வரி சேர்த்தா, சேர்க்காமலா?"

நான் தண்ணீர் குடித்தேன். "வரி தனி அப்பா, அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்" என்று மைத்துனன் எடுத்துக் கொடுத்தான்.

மாமா கால்குலேட்டரைத் தொடுவதில்லை. 799-ஐ 84-ஆல் பெருக்கினார்: 67,116. போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 2020 ஏப்ரலில் 12-இலிருந்து ஏற்றியது அவருக்கு நினைவிருந்தது. அது 12,081. கூட்டினார்: 79,197. பேனா மூடியால் விடையைத் தட்டினார். "703 ரூபாய் வித்தியாசம். இதற்கா இவ்வளவு சத்தம், மாப்பிள்ளை?"

மைத்துனன் முகத்தில் தீபாவளி. அது மத்தாப்பு எரியும் நேரம்தான் நீடித்தது. "நீ சிரிக்காதே. கொள்ளை இல்லை என்றுதான் தெரிந்திருக்கிறது. மீட்டரைப் படம் எடுக்க எனக்கு எதற்கு 79,900 என்று தெரியவில்லையே."

நான் விடவில்லை. 2016-இல் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை அடைத்தார்கள், 2020-இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரையே எடுத்துவிட்டார்கள் என்று பட்டியல் போட்டேன். "இரண்டுக்கும் உங்கள் ஆண்ட்ராய்டுக் கட்சி சாம்சங் கேலி செய்தது அத்தான். அப்புறம் 2019-இல் அவர்களுடைய நோட் 10-இல் துளையைக் காணோம், 2021 ஜனவரியில் எஸ்21 பெட்டியில் சார்ஜரைக் காணோம்" என்றான் அவன். பேசிக்கொண்டே குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பின்னோக்கித் தள்ளி, சார்ஜர் இல்லாத பெட்டியைப் பற்றி நான் 2020 தீபாவளி சமயத்தில் அனுப்பிய நகைச்சுவைப் படத்தைத் தேதியோடு வாசித்தான். இப்போது என் பையில் இருக்கும் போனும் சார்ஜர் இல்லாமல் வந்ததுதான் என்பதை என் மனைவி நினைவூட்டினாள். யார் கேட்டார்கள்?

அதோடு அவன் நிற்கவில்லை. "அத்தானுடைய கட்சிக்காரர்கள் நிலாவையே வரைந்து கொடுப்பார்கள் அப்பா. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனில் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தில் இல்லாத பள்ளமெல்லாம் போனில் வந்தது. நிலா என்று தெரிந்தால் செயற்கை நுண்ணறிவு அதைத் தெளிவாக்கும் என்று நிறுவனமே விளக்கம் கொடுத்தது."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில் 'நிலா?' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒவ்வொரு நிறுவனமும் தன் நிறத்தில் சட்டை போட்டு ஒரு பையனை நிறுத்தி வைத்திருக்கிறது. கல்யாண வாசலில் இரு வீட்டாரும் போட்டி போட்டுப் பன்னீர் தெளிப்பது போல. ஆரஞ்சுச் சட்டை முதலில் பிடித்துக்கொண்டது.

"சார், 108 மெகாபிக்சல் கேமரா."

"108 பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற கணக்கு. எடுக்கிற படத்தில் 108 வருமா?"

பையன் நேர்மையானவன். "சாதாரணமாக எடுத்தால் 12 வரும் சார். ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். இருட்டில் அதுதான் நல்லது."

"ஒன்பது பேரை ஒரே சீட்டில் உட்கார வைக்கிறீர்கள். இருப்பது 12 சீட்டு. பெட்டிக்கு வெளியே 108 பேர் பயணம் செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்." நோட்டில் 108-ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினார். உண்மையில் இருட்டில் படம் தெளிவாக வருவதில் பெரும்பங்கு கேமராவுக்குள் ஒளியை வாங்கும் உணரிச் சில்லின் அளவுக்குத்தான். அதை எந்த அட்டைப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் நான்கு கேமரா இருந்தது. அதில் கடைசி இரண்டும் வெறும் 2 மெகாபிக்சல். "கொலுவில் படி காலியாகத் தெரியக் கூடாது என்று நானும் பிளாஸ்டிக் பொம்மை வைப்பேன்" என்றார் அத்தை.

பச்சைச் சட்டை 16 ஜிபி ராம் என்றது. மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். கீழே பொடி எழுத்தில் 8+8 என்று இருந்தது. இரண்டாவது எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது என்று பையன் விளக்கினான். "சமையல் மேடையில் இடம் போதாமல் பாத்திரத்தைப் பரணில் வைப்பது போலவா? எடுக்கும்போதெல்லாம் ஏணி போட வேண்டுமே" என்றார் மறுபடியும் அத்தை. நினைவகத்தைப் பற்றித் தன் அலுவலகத்தில்கூட யாரும் இப்படிப் புரியும்படி சொன்னதில்லை என்று மைத்துனன் ஒப்புக்கொண்டான்.

அடுத்து திரை வெளிச்சம். இத்தனை ஆயிரம் நிட்ஸ் என்று நீலச் சட்டை சொன்னதும், "வெயிலில் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று மாமா காட்சிக்கு வைத்திருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அதன் முதுகில் ஒரு கம்பி இருந்ததை அவர் பார்க்கவில்லை. மூன்றாவது எட்டில் கம்பி விறைத்தது, நான்காவதில் அறுந்தது, கடை முழுக்க அலாரம் ஊளையிட்டது. வேலைக்காலம் முழுக்கப் பிறர் இழுப்பதற்காக அபாயச் சங்கிலியைச் சோதித்து அனுப்பியவர், முதல் முறையாகத் தானே இழுத்தார். காவலாளி ஓடி வந்தார். மாமா அசையவில்லை. "நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று சான்றிதழ் கொடுத்தார். நானும் மைத்துனனும் அன்றைக்குத்தான் ஒன்று சேர்ந்தோம்: இருவரும் ஒரே தூணுக்குப் பின்னால் நின்றோம்.

கலவரம் அடங்கியதும் ஆரஞ்சுச் சட்டைப் பையனைத் தனியே அழைத்தார். "புதுப் பெட்டி எல்லாமே பளபளக்கும். ஓடிய பெட்டியைக் காட்டு, தம்பி. உன் சொந்தப் போனைக் கொடு."

பையன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். பதினான்கு மாதம் ஆனது. பொத்தான்கள், ஓரங்கள், சார்ஜ் துளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாத்திரை அட்டையைப் படம் எடுத்தார். காதில் வைத்து அத்தையை அழைத்தார். திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு திருப்தி. பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அதைக் காட்டவில்லை.

அப்போதும் வாங்கிவிடவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று ஷோரூமில் கேட்கக் கூடாதாம், ஷெட்டில் கேட்க வேண்டுமாம். திங்கட்கிழமை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, ரிச்சி தெருவில் போன் பழுதுபார்க்கும் ஒருவர் முன்னால் போய் நின்றோம். எந்தப் போன் அதிகம் வருகிறது என்று கேட்டார் மாமா. "எது அதிகம் விற்கிறதோ அதுதான் ஐயா அதிகம் வரும்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "வருவதில் முக்கால்வாசி உடைந்த கண்ணாடி. அடுத்தது, சார்ஜ் துளையில் சட்டைப்பைப் பஞ்சு."

சொல்லிவிட்டு என் போனை வாங்கி, ஊசியால் துழாவி, மல்லிகை மொட்டு அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டையை வெளியே எடுத்தார். சார்ஜே ஏறவில்லை, போன் செத்துவிட்டது என்று இரண்டு மாதமாக வீட்டில் புதுப் போனுக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தேன். மாமா அந்தப் பஞ்சு உருண்டையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார், மகளிடம் காட்டுவதற்காக.

கடைசியில் அந்தப் பையன் வைத்திருந்த போனின் அடுத்த மாடலைத்தான் வாங்கினோம். பெயரைச் சொல்ல மாட்டேன். மைத்துனன் இதைப் படிப்பான். விலை 21,999, பாட்டா செருப்பு விலை. செலவில்லாத் தவணை உண்டு என்றான் பையன்: வட்டி அளவுக்குத் தள்ளுபடி கழித்துவிடுவார்கள், வட்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மட்டும் வங்கி பிடித்துக்கொள்ளும். "இல்லாத வட்டிக்கு வரி உண்டு" என்று மாமா மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லியிருக்கிறது என்பதை நான் எடுத்துவிடுவதற்குள் 500 ரூபாய்த் தாள்கள் நாற்பத்து நான்கை எண்ணி வைத்தார். பிறகு கல்லா முன்னால் அப்படியே நின்றார். பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் வரும் வரை நின்றோம்.

நேற்று மீட்டர் கணக்கெடுக்க வந்தார்கள். புதுப் போனுக்கு முதல் ஓட்டம். பழையதையும் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். ஒப்பீடு என்றால் ஒரே நாள், ஒரே வெளிச்சம். படிக்கட்டுக்கு அடியில் நின்று, முதலில் பழையதை உயர்த்தி ஒரு படம், அப்புறம் புதியதை உயர்த்தி ஒரு படம்.

பழைய போன்: 14,236. புதிய போன்: 14,286. அட்டை: 14,286.

முந்தைய கணக்கு 13,752. மாமா இரண்டையும் கழித்தார். 484. 534. பழைய போனின் லென்ஸ் மேல் ஒரு கீறல், நூல் அளவுக்கு, 8-இன் இடது காலை அப்படியே மறைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"அப்படியானால் இத்தனை வருடமும்…" என்று அத்தை சமையலறையிலிருந்து ஆரம்பித்தார்.

மாமா நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஓரத்தில் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"நிலாவையே வரைந்து கொடுக்கிற ஜாதி இது. ஒரு 3-ஐ 8 ஆக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

மைத்துனன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"மாப்பிள்ளை, பரண் மேல் உருப்பெருக்கி இன்னொன்று பெரிதாக இருக்கிறது. ஏணியை எடுத்து வாருங்கள்."