ஆணியில் தொங்கிய பேணி

நாங்கள் படித்த காலத்தில் போடிங் (பள்ளி விடுதி) குசினிக்குப் பின்னால், கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு தகரப் பேணி தொங்கும். விளிம்பு கறள் பிடித்து, அடிப்பக்கம் நசுங்கிய பேணி. வளவு கூட்டவும் கக்கூஸ் கழுவவும் வரும் அம்மாவுக்கு அதில்தான் தண்ணீர், அதில்தான் தேத்தண்ணி. குசினி ஆச்சி உயரத்திலிருந்து வார்ப்பா. கேத்தல் பேணியில் முட்டாது. குடித்து முடிய அந்த அம்மாவே கழுவிக் கொழுவிவிட்டுப் போவா.

அது 1968. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்திய வருடம். "அது சைவக்காரரின்ர பிரச்சினை" என்று போடிங்கில் கதைத்துக்கொண்டோம். எனக்குப் பதினான்கு வயது. அந்தத் தவணை வேதபாடத்துக்கு மாற்கு சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரம். சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று பரிசேயர், அதாவது யூதச் சட்டத்தைக் கடுமையாகக் கைக்கொண்ட குழுவினர், குறைபிடிக்கும் அதிகாரம். செம்பும் கிண்ணமும் கழுவுகிற முன்னோர் பாரம்பரியம் அதில் வருகிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்', கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களும் வருகிறார்கள். வெளியிலிருந்து உள்ளே போவது அல்ல, இருதயத்திலிருந்து புறப்படுவதுதான் தீட்டு என்று இயேசு சொல்வதும் வருகிறது. அத்தனையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கினேன். பேணி என் கண்ணில் படவேயில்லை.

வேதபாட ரீச்சருக்குப் பட்டது. ஒரு நாள் பின்னேரம் கிணற்றடிக்கு வந்தா. ஆணியிலிருந்த பேணியை எடுத்துக் குசினி வாசலில் நீட்டினா.

"ஆச்சி, எனக்கும் இதிலை கொஞ்சம் வாருங்கோ."

ஆச்சி கேத்தலோடு அப்படியே நின்றா. "ரீச்சர், அது வந்து..."

"தெரியும். வாருங்கோ."

நின்றபடியே முழுவதையும் குடித்தா. விளிம்புக் கறள் மேலுதட்டில் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. வளவு கூட்டும் அம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. சந்தோஷமா, வெட்கமா, பயமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாளும் பேணி அதே ஆணியில்தான் தொங்கியது. ரீச்சரும் வந்தா. தவணை முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் வந்தா.

கல்கத்தா பிஷப் டானியல் வில்சன், சாதி வேற்றுமையைக் கைவிட்டேயாக வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியது 1833-ல். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. 135 வருடம் கழித்தும் எங்கள் கிணற்றடி அந்த இடத்திலேயே நின்றது என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

1981-ல் கலியாணமாகிச் சிங்கப்பூர் வந்தேன். புரட்டஸ்தாந்து வளர்ப்பு, மெழுகுதிரி, தூபம், பவனி எல்லாம் வெறும் சடங்கு என்ற எண்ணம் எனக்குள் இறுகிக் கிடந்தது. எங்கள் புளோக்கில் இருக்கும் கத்தோலிக்கத் தோழி 2018 பெரிய வியாழனன்று வற்புறுத்தி ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயத்துக்குக் கூட்டிப்போனா. தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பி 1888-ல் கட்டி முடித்த கோவில். அன்று, இயேசு சீஷரின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் சடங்கு. 2016-ல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றிய பிறகு பெண்களும் அந்த வரிசையில் உட்காரலாம். பாதர் முழந்தாளிட்டு, குதிக்கால் வெடித்த ஒரு மூதாட்டியின் காலைக் கழுவித் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். ரீச்சரின் உதட்டுக் கறள் கண்முன் வந்தது. சடங்கு என்று நான் தள்ளிவைத்ததே என்னை அந்தக் கிணற்றடிக்குத் திரும்பக் கூட்டிப்போனது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கப் போனேன். சிங்க்கின் ஓரத்தில் நீல பிளாஸ்டிக் கப் கவிழ்த்திருந்தது. வீட்டு வேலைக்கு இருக்கும் மியன்மார்ப் பிள்ளையுடையது. அவ வந்த முதல் நாளே நான்தான் வாங்கி வைத்தேன். தனியாக ஒரு தட்டும் கரண்டியும்கூட. யாரும் சொல்லித் தரவில்லை, கை தன்பாட்டில் செய்தது. ஆறு வருடம். அத்தனை ஞாயிறும் சபைக்குப் போயிருக்கிறேன், நற்கருணை எடுத்திருக்கிறேன்.

அந்தக் கப்பில் தண்ணீர் வார்த்துக் குடித்தேன். ரீச்சரைப் போல நிமிர்ந்து நிற்க என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை தேக்காவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைகள் வாங்கினேன். அந்தப் பிள்ளை பத்து நாளாக அதைத் தொடவில்லை. இப்போது மேசையில் எங்களோடு இருந்து சாப்பிடுகிறா.

வளவு கூட்டியவவை இங்கே அம்மா என்று எழுதியிருக்கிறேன். அன்று நாங்கள் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏய், இஞ்சை வா" என்றுதான். பெயரைக் கேட்டதுமில்லை. அந்த நாளில் போடிங்கில் இருந்த யாருக்காவது அவவின் பெயர் தெரிந்தால் தயவுசெய்து எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.