ஆறு நகல்

ஜூலை 14

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்று நான் எழுதிய புகாரை ஆறு நகலாகக் கொடுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். பையன் தாளைக் கவிழ்த்து வைப்பதற்குள் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டான். முகம் மாறியது. அதற்குப் பிறகு அவன் படிக்கவில்லை. வெளியே வந்த தாள்களை எழுத்து கீழே இருக்கும்படி அடுக்கினான். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தபோது ஒரு ஃபைல் அட்டையை எடுத்து மேலே வைத்தான். பதினெட்டு வயது இருக்கும். "பின் அடித்துத் தரட்டுமா அக்கா?" என்று மட்டும் கேட்டான். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

எங்கள் ஜவுளிக் கடையில் இந்தப் புகார்களை விசாரிக்கும் கமிட்டியின் தலைவர் அம்மா வாங்கிக்கொண்டார். என் நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ஜூலை 17

ஆடி முதல் நாள், தள்ளுபடி. கடை மூடும்வரை உட்காரவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது எங்களுக்கும் தளத்துக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. இப்போது அவற்றின் மேல் கட்டைப்பை மூட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. வாடிக்கையாளர் பார்த்தால் மரியாதையாக இருக்காதாம். என் இடது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு நிற்கிறது. எங்கள் பிரிவில் முப்பது தாண்டிய எல்லோருக்கும் அப்படித்தான்.

ஜூலை 19

ஏணி.

மேல் அடுக்கில் பட்டு. எடுக்க ஏணியில் ஏற வேண்டும். "நான் பிடித்துக்கொள்கிறேன், பயப்படாமல் ஏறு" என்று, நான் யார் மேல் புகார் கொடுத்தேனோ அவன் ஓடி வருவான். ஆண்கள் ஏறும்போது அவன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. மேலே இருப்பது தெரிந்தும் "அந்த நிறம் தீர்ந்துவிட்டதுங்க" என்று வாடிக்கையாளரிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம். நல்ல அரக்குப் பட்டு, ஒருவர் பெண்ணின் கல்யாணத்துக்குக் கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு கடைக்குப் போனார். விற்பனை குறைந்ததற்கு அன்று மாலை திட்டு வாங்கியதும் நான்தான்.

ஜூலை 23

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். உள்பாவாடையும் ஃபால்ஸும். "உன் பாதுகாப்புக்காகத்தான் அம்மா" என்கிறார் ஹெச்.ஆர். விசாரணை முடியும்வரை இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம், உண்மைதான். ஆனால் அதைப் பெண் எழுதிக் கேட்க வேண்டும். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் இரண்டாம் தளத்திலேயே இருக்கிறான். ஏணியும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பிரிவிலேயே சின்னவளும்.

ஜூலை 24

டவுன் பஸ்ஸில் ஒருவர்: "இவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்றதிலிருந்து வீட்டில் ஒருத்தியும் தங்குவதில்லை." நான்கு ரோடு வரைக்கும் அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 27

வீட்டுக்காரர் நாக்பூரிலிருந்து பேசினார். லோடு இறங்க இரண்டு நாள் ஆகுமாம். எல்லாம் சொன்னேன். கோபப்பட்டார், அவனை வெட்டுவேன் என்றார், பிறகு சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நீ வேலையை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்." அன்பாகத்தான் சொன்னார். அத்தையும் அதைத்தான் சொல்கிறார், ஆனால் காரணம் வேறு. நாத்தனாரைப் பெண் பார்க்க ஓமலூரிலிருந்து வருகிறார்கள். "அண்ணி கமிட்டி, விசாரணை என்று அலைகிறாள் என்று தெரிந்தால் வருவார்களா?"

கீழ்த்தளத்துக்குப் போ, வேலையை விடு, வீட்டில் இரு. கோபமாகச் சொன்னாலும் பிரியமாகச் சொன்னாலும் நகர வேண்டியது நான். அவனை நகரச் சொல்லி இதுவரை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மேட்டூர் போய்க் குளித்துக் கயிறு மாற்றிக்கொண்டு வந்தோம். அம்மாவும் வந்திருந்தார். படித்துறையில் அத்தை அம்மாவிடம் முறையிட்டார், நீங்களாவது சொல்லுங்கள் சம்பந்தி, வாபஸ் வாங்கட்டும் என்று. அம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "போட்டது போட்டதுதான்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நான் மூன்றாவது பெண். 1992-இல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது, பெண் சிசுக்களைக் கொன்றுகொண்டிருந்த ஊர்கள் இங்கே இருந்ததால். அந்த வருஷம்தான் நான் பிறந்தேன். என்னை என்ன செய்வது என்று அப்பாவின் வீட்டில் பேச்சு நடந்ததாம். அம்மா இரவோடு இரவாகத் தாரமங்கலத்துக்குத் தாத்தா வீட்டுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இது பெரியம்மா சொல்லித் தெரியும். அம்மா இதைப் பேசியதே இல்லை.

ஆகஸ்ட் 5

தூக்கம் இல்லை. வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று படித்தேன். ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசின் மகளிர் திட்டத்தில் கிராமப் பணியாளர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்காக அவரைக் கூட்டாகச் சேர்ந்து சிதைத்தார்கள். அதுவும் 1992. கீழ் நீதிமன்றம் 1995-இல் குற்றவாளிகளை விடுவித்தது. அந்தக் கோபத்தில் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால் 1997-இல், வேலையிடத்தில் பெண்களைக் காக்க விதிமுறை வகுத்த விசாகா தீர்ப்பு. அதிலிருந்து 2013-இல் சட்டம். தன் வேலையைச் செய்யப் போன இடத்தில் அவருக்கு அது நடந்தது. என் கையில் இருக்கும் ஆறு நகலுக்குள் அவர் இருக்கிறார். மணி இரண்டு.

ஆகஸ்ட் 8

அவனுடைய பதில் வந்துவிட்டது. வேலையில் கண்டிப்பாக இருந்ததால் பழிவாங்குகிறேனாம். உடனே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டிருக்கிறான். மூன்று மாதத்துக்குள் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கடைசியாக நடந்தது மே மாதம். "ஏணி" என்ற சொல் அவனுடைய பதிலில் எங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 10

லீவு போட்டு ஏற்காடு போனேன். சின்னவள் ஃபோனை எடுப்பதே இல்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கடை விடுதியில் சொன்னார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் குமட்டல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஏரிப் பக்கம் ஒரே கார்கள். எஸ்டேட் லைன் வீட்டுக்கு அதற்கும் மேலே நடக்க வேண்டும். காப்பிக் காய் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி, மேலே மூடுபனி.

அவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மாதான் பேசினார். "காப்பி பறித்து மூட்டையைத் தராசுக்குக் கொண்டுபோனால், எடை போடுகிற கை எங்கே எங்கே வரும் என்று எங்களுக்கும் தெரியும் கண்ணு. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டோம். எடை குறைத்து எழுதிவிட்டால் கூலி போய்விடுமே." பிறகு கேட்டார்: "இவள் சாட்சி சொல்லி, விடுதியை விட்டுப் போகச் சொல்லிவிட்டால், அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாள்?"

விடுதியும் அவர்களுடையது, சம்பளமும் அவர்களுடையது. பெற்றவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். "என் வீட்டில் படுப்பாள்" என்றேன். சொல்லும்போதே அத்தையின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் சொன்னதில் மாற்றமில்லை.

சின்னவள் டீ கொண்டுவந்து வைத்தாள். கை நடுங்கித் தட்டில் சிந்தியது. நான் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13

சமாதானப் பேச்சு. ஹெச்.ஆர். அறையில் ஏ.சி., முறுக்கு, காப்பி. அவன் வருத்தம் தெரிவிப்பானாம். எனக்குத் தீபாவளியிலிருந்து சூப்பர்வைசர் பதவியாம், சம்பளமும் கூடுமாம். "குடும்பப் பெண், யோசித்துப் பாருங்கள்." சமரசம் வேண்டும் என்று நான் கேட்டால்தான் அந்தப் பேச்சையே எடுக்கலாம், அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்றேன். உடனே குரல் மாறியது. நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று என் மேல் நடவடிக்கை வருமாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகாது. அதையும் சொன்னேன். தட்டச்சு செய்த வாபஸ் கடிதம் மேசையிலேயே தயாராக இருந்தது. என் பெயரில் எழுத்துப்பிழை.

கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 14

ஓமலூர்க்காரர்கள் வரவில்லை. அத்தை என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 16

ஆடி முடிந்தது. நாத்தனார் இரவில் என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "அண்ணி, இதற்காகவே வராமல் போகிறவன் வீட்டில் நான் எப்படி இருப்பேன்?" என்றாள். அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 18

நாளை பதினொரு மணிக்கு விசாரணை. யாரும் வக்கீல் வைக்கக் கூடாது. வெளி உறுப்பினர் ஒரு பெண்கள் அமைப்பிலிருந்து வருகிறாராம்.

மாலையில் சின்னவள் கீழ்த்தளத்துக்கு வந்தாள், ஃபால்ஸ் பாக்கெட் வேண்டும் என்று. கையில் எடுத்துக்கொண்டு, "பதினொன்றா, பதினொன்றரையா அக்கா?" என்றாள். பதினொன்று என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டாள். வருவாளா என்று தெரியாது.

தேதி, நேரம், எந்த அடுக்கு, பக்கத்தில் யார் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மே மாத டியூட்டி அட்டவணை மட்டும் என்னிடம் இல்லை. காலையில் முதல் வேலையாக அதைக் கேட்க வேண்டும். தர மாட்டோம் என்றால், தர மறுத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வாங்காமல் அறைக்குள் போகமாட்டேன்.